‘அது காதல்தானே?’ என்று கேட்ட தங்கைக்கு

வாசகர் கடிதம் (சுருக்கப்பட்டது; அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன):

“எனக்கு வயது 28. வன்னியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். 2009இல் அப்பா காணாமல் போனார். செட்டிகுளம் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பித் தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். 2012இல் எனக்குப் பதினைந்து வயது. கணித ரியூசன் எடுத்த சேர், ‘உனக்கு அப்பா இல்லை, காசு வேண்டாம்’ என்றார். அவருக்கு அப்போது 37 வயது, மனைவியும் பிள்ளையும் இருந்தார்கள். பிறகு ஒரு போன் தந்தார். ரீலோட் போட்டுவிட்டார். இருட்டிவிட்டால் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். சில மாதங்களில் எல்லை கடந்துவிட்டது. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். நான் அவரைக் காதலித்தேன். அவரும் என்னைக் காதலித்தார் என்றுதான் இவ்வளவு காலமும் நம்பியிருந்தேன்.

சென்ற மாதம் தோழி ஓர் ஆங்கில நாவல் தந்தாள். அமெரிக்காவில் விடுதிப் பள்ளி ஒன்றில் படிக்கும் பதினைந்து வயது மாணவியும், நாற்பது கடந்த அவளுடைய ஆசிரியரும். வளர்ந்து பெரியவளான பின்பும் அவள் அது காதல் என்றே சொல்கிறாள். தொடுவதற்கு முன்னால் ‘இது சரிதானே?’ என்று அவர் அவளிடம் கேட்கிற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். சேரும் அப்படித்தான் கேட்பார். அதன்பிறகு எனக்கு நித்திரை இல்லை. அது காதல்தானே? நானும் விரும்பித்தானே போனேன்? நானே முதலில் மெசேஜ் அனுப்பிய நாட்களும் உண்டு.

இன்னொன்று. அக்காவின் மகளுக்கு 14 வயது. அத்தான் கட்டாரில். பிள்ளை இந்த வருடம் அதே சேரிடம் படிக்கப் போகத் தொடங்கியிருக்கிறாள். ‘காசுகூட வாங்குவதில்லை, நல்ல மனிதர்’ என்கிறார் அக்கா. வீட்டில் எனக்குக் கலியாணமும் பேசுகிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?”

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அது பொறுத்திருக்க முடியாத விஷயம். பெறாமகளை இந்த வாரமே அந்த வகுப்பிலிருந்து நிறுத்த வேண்டும். ‘அது காதலா, இல்லையா’ என்று உங்கள் மனம் ஒரு முடிவுக்கு வரும்வரை இதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. உங்கள் கதை முழுவதையும் வீட்டில் சொல்லித்தான் இதைச் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. அக்காவைத் தனியே கூப்பிட்டு இருத்தி, “அக்கா, பிள்ளையை இனி அந்தச் சேரிடம் அனுப்ப வேண்டாம். படிக்க வந்த பிள்ளையோடு அவர் முறைகேடாக நடந்தவர் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று இப்போது கேட்காதீர்கள். சொல்லக்கூடிய நாளில் நானே சொல்கிறேன்” என்று மட்டும் சொல்லுங்கள்.

அக்கா நம்பாமல் போகலாம். கோபிக்கலாம். காசு வாங்காமல் படிப்பிக்கிற மனிதரைப் பற்றி இப்படிக் கதைக்கலாமா என்று கேட்கலாம். அந்த இடத்தில் வாதாடிப் பயனில்லை, மாற்று வழியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கணிதத்துக்கு வேறு ஆசிரியை யார் இருக்கிறார், மாதம் எவ்வளவு, போய்வர யார் துணை என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டு, அந்தக் காசை நீங்கள் கட்டுவதாகச் சொல்லுங்கள். உங்கள் சம்பளத்தில் அது பாரம்தான். ஆனாலும் இந்த வருடம் நீங்கள் செய்யும் செலவுகளில் இதைவிடப் பெறுமதியானது இருக்காது. அக்கா எதற்கும் மசியவில்லை என்றால், எனக்கு நடந்தது என்று ஒரு வரியைச் சொல்ல வேண்டி வரலாம். அந்த ஒரு வரியைத் தாண்டி எந்த விளக்கமும் கொடுக்க நீங்கள் கடமைப்பட்டவர் இல்லை.

உங்கள் அப்பா காணாமல் போயிருந்தார். பெறாமகளின் அப்பா கட்டாரில் இருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் அந்த மனிதர் நீட்டிய சலுகை ஒன்றுதான். இது தற்செயலாக நடந்தது என்று நான் நினைக்கவில்லை.

இனி உங்கள் பெரிய கேள்வி.

உங்கள் கடிதத்தில், மேலே நான் சேர்க்காத பகுதியில், ஒரு சிறிய விஷயம் எழுதியிருந்தீர்கள். பயிற்சிக் கொப்பிகளைத் திருத்தி எல்லாரிடமும் திருப்பிக் கொடுப்பார். சில நாட்களில் உங்களுடைய கொப்பியின் கடைசிப் பக்கத்து மூலையில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டிருக்கும். வகுப்பு முடிந்த பிறகு நிற்க வேண்டும் என்று அதற்குப் பொருள். நீங்கள் அதைப் பார்த்ததும் அழிறப்பரால் அழித்துத் தூசை ஊதிவிடுவீர்கள். வட்டம் இல்லாத நாட்களில் என்ன பிழை செய்தேனோ என்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டு கிடப்பீர்கள்.

அவர் செய்தது முழுவதும் இந்தச் சின்ன வட்டத்துக்குள் இருக்கிறது, தங்கை. ஒரு கொட்டகை நிறையப் பிள்ளைகள் இருக்க, உங்களுக்கு மட்டும் ஓர் அடையாளம். முகாமிலும் வரிசையிலும் நிவாரணப் பட்டியலிலும் எண்ணாகவே இருந்து பழகிய பிள்ளைக்கு, தன்னை ஒருவர் தனியாகப் பார்க்கிறார் என்பது எவ்வளவு பெரிய சந்தோசம்! அந்தச் சந்தோசத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் சிவப்புப் பேனாவால் கணக்குத் திருத்திய அதே கை, வட்டத்தைப் பென்சிலால் போட்டது. அழிக்கும் வேலையை உங்கள் கையில் கொடுத்தது. தடயத்தை ஒழிக்கிற ஆளாகப் பதினைந்து வயதுப் பிள்ளையை அவர் ஆக்கினார், அதுவும் அவள் அதை ஓர் அன்பு விளையாட்டாக நினைக்கும்படி. இன்றைக்கு வட்டம், நாளைக்கு இல்லை என்று வைத்தாரே, அதுவும் சும்மா இல்லை. என்றைக்கும் கிடைக்கும் அன்பைவிட, கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத அன்பின் பின்னால்தான் மனம் கூடுதலாக அலையும். உளவியல் படித்தவர்களுக்கு இது பாடம். வசப்படுத்தத் தெரிந்தவர்களுக்குப் படிக்காமலே தெரியும்.

வட்டத்துக்கு வெகுமுன்பே அவர் தொடங்கிவிட்டார். காசு வேண்டாம் என்றபோது உங்களை மட்டுமல்ல, உங்கள் அம்மாவையும் கடமைப்படுத்தினார். நன்றிக்கடன்பட்ட வீட்டிலிருந்து முறைப்பாடு வராது. மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து படலையில் இறக்கிவிட்டபோது, ‘தகப்பன் இல்லாத பிள்ளைக்குச் சேர் உதவி செய்கிறார்’ என்று ஊர் பார்த்தது. பிறகு எதைப் பார்த்தாலும் ஊர் அந்தக் கண்ணோடுதான் பார்க்கும். அம்மா கூலி வேலை முடித்துக் களைத்து உறங்கும் கொட்டிலுக்குள், ஐம்பது ரூபாய் ரீலோட்டோடு ஒரு போன் வந்தது. ஒவ்வொரு இரவும் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்ற கட்டளையும் வந்தது. உங்களோடு ஒன்றாகச் சைக்கிளில் வந்த தோழியை, ‘அவளுக்கு உன்மேல் எரிச்சல்’ என்று சொல்லிப் பிரித்தார். தோளில் கை வைத்துவிட்டு, நீங்கள் அதை வீட்டில் சொல்கிறீர்களா என்று சில நாள் பார்த்திருப்பார். சொல்லியிருந்தால் ‘மகள் மாதிரி நினைத்துத்தானே’ என்று சிரித்திருப்பார். நீங்கள் சொல்லவில்லை. அடுத்த அடியை வைத்தார்.

இவ்வளவையும் ஓர் ஒழுங்கில் செய்கிற மனிதரை, ‘உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்’ என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

நீங்கள் புத்தகத்தை மூடிய இடம் மிகச் சரியான இடம். அந்த நாவலை நானும் வாசித்திருக்கிறேன். அதை எழுதியவரின் துணிவு, கதையை அந்தப் பெண்ணின் வாயாலேயே சொல்ல விட்டதில் இருக்கிறது. அவள் நம்புவதை அவள் சொல்கிறாள். அவள் காணாததையும் நாம் காண்கிறோம். ஒவ்வொரு முறையும் அந்த ஆசிரியர் அனுமதி கேட்பது, அவளுக்கு மறுக்கும் வழியைத் திறந்துவிடுவதற்காகவா? பிற்காலத்தில் ‘நீதானே சரி என்றாய்’ என்று சொல்வதற்காக. இன்னும் சரியாகச் சொன்னால், அவர் அதைச் சொல்லவே வேண்டியதில்லை. அவளே தனக்குச் சொல்லிக்கொள்வாள். நீங்களும் பதினைந்து வயதிலிருந்து இன்றுவரை அதைத்தான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்: நானும் விரும்பித்தானே போனேன்.

ஹங்கேரிய உளப்பகுப்பாய்வாளர் சாண்டோர் ஃபெரென்சி 1932இல் ஜேர்மனியின் வீஸ்பாடன் நகரில் நடந்த மாநாட்டில் ஒரு கட்டுரை வாசித்தார். கூடியிருந்த பெரியவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. அதில் அவர் சொன்ன இரண்டு விஷயங்கள் உங்கள் கடிதத்துக்கு நேராகப் பொருந்துகின்றன. பிள்ளை பெரியவரிடம் தேடிப் போவது பாசத்தை. அந்தப் பெரியவர் அதை வளர்ந்தவரின் ஆசையாக எடுத்துக்கொண்டு காமத்தால் பதில் கொடுக்கிறார். இது முதலாவது. இரண்டாவது, பெரியவர் உணர வேண்டிய குற்றவுணர்வு பிள்ளைக்குள் போய்த் தங்கிவிடுகிறது. அவர் அடுத்த நாள் எதுவும் நடக்காததுபோல் வகுப்பெடுக்கிறார். அவள் வெட்கத்தில் குனிந்து நடக்கிறாள். அவர் வாங்கிய கடனுக்கு நீங்கள் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள், தங்கை. அந்தக் கடன் பத்திரத்தில் உங்கள் கையெழுத்து இல்லை.

அவர் உங்கள் முன்னால் அழுததாக எழுதியிருக்கிறீர்கள். மனைவிக்குத் தன்னைப் புரியவில்லை, உனக்கு மட்டும்தான் புரிகிறது என்றாராம். நீங்கள் அவருடைய தலையைத் தடவி ஆறுதல் சொன்னீர்களாம். அப்பாவைத் தேடி அம்மாவோடு முகாம் முகாமாக அலைந்து, அழக்கூட நேரமில்லாமல் வளர்ந்த பிள்ளை, முப்பத்தேழு வயது மனிதருக்கு ஆறுதல் சொன்னாள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கடும் கோபம் வந்த இடம் இதுதான்.

நீங்கள் உயர் தரத்தில் தமிழ் படித்ததாக எழுதியிருப்பதால் ஒன்றை நினைவூட்டலாம். தொல்காப்பியம், ‘காமஞ் சாலா இளமையோள்’மீது, அதாவது காதலுக்குப் பக்குவப்படாத சிறுபெண்மீது, ஒருவன் கொள்ளும் விருப்பத்தைக் கைக்கிளை என்ற ஒருதலைக் காமத்தில் வைத்தது. இருவரின் ஒத்த அன்பைச் சொல்லும் அன்பின் ஐந்திணைக்குள் அதற்கு இடம் தரவில்லை. காதலர் இருவருக்கும் ஒத்திருக்க வேண்டியவற்றைச் சொல்லும் சூத்திரத்தில் வயதையும் ஒன்றாக எண்ணியது. அந்தக் காலத்து வாழ்க்கையை இன்றைக்குச் சட்டமாக்க நான் சொல்லவில்லை. வயதுக்கு வராத மனதின்மேல் படியும் ஆசையை அன்பு என்று ஏற்காத ஒரு பார்வை நம்மிடம் எப்போதோ இருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பார்வை எங்கள் மண்ணில் மங்கிப்போனதற்குக் காரணங்கள் உண்டு. போரின் கடைசி ஆண்டுகளில், பிள்ளையை ஆட்சேர்ப்புக்குக் கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயத்தில் பதினைந்து, பதினாறு வயதிலேயே கட்டிக்கொடுத்த வீடுகள் வன்னியில் எத்தனையோ. 18 வயதுக்கு முன் பதிவுத் திருமணம் செய்ய முடியாது என்று 1995இலேயே சட்டம் திருத்தப்பட்டிருந்தும், உயிரா சட்டமா என்று நின்ற பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதன்பிறகு, பாடசாலைச் சட்டை போட்ட பிள்ளைக்குப் பக்கத்தில் மீசை நரைக்கத் தொடங்கிய ஒருவர் நின்றால் திடுக்கிடும் பழக்கம் எங்களுக்குக் குறைந்துவிட்டது. தகப்பன்மார் இல்லாத வீடுகள், நாள் முழுவதும் வேலைக்குப் போன தாய்மார், படிப்பு ஒன்றுதான் மிச்சம் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் வாசலில் ரியூசன் சேர் நின்றார். பெரும்பாலான ஆசிரியர்கள் அந்த இடத்தில் நின்று பிள்ளைகளைக் கரை சேர்த்தார்கள். உங்களுடையவர் அந்த இடத்தை வேட்டைக்குப் பயன்படுத்தினார்.

அப்படியானால் என் காதல் பொய்யா என்று கேட்பீர்கள். இல்லை. நீங்கள் கொடுத்த அன்பு உண்மை. அது உங்களுடையது, அதைப் பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. அவரை வெறுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பதினைந்து வயதில் ஒருவரை நினைத்து நெஞ்சு படபடப்பது, முதலில் மெசேஜ் அனுப்புவது, அவருடைய சட்டை நிறம் பார்த்துச் சந்தோசப்படுவது, எல்லாம் அந்த வயதுக்கு இயல்பு. மாணவிக்குத் தன்மேல் ஈர்ப்பு வந்திருக்கிறது என்று தெரிந்த ஒரு நல்ல ஆசிரியர் என்ன செய்வார்? கதவைத் திறந்து வைத்துப் பாடம் நடத்துவார். தனியே சந்திக்கமாட்டார். அவளுக்கு வெட்கம் வராதபடி தூரத்தைக் காப்பார். நீங்கள் ஆயிரம் மெசேஜ் அனுப்பியிருந்தாலும் அந்தத் தூரத்தைக் காக்கும் பொறுப்பு முழுவதும் அவருடையது, உங்களுடையதாக அதில் ஒரு நூல்கூட இல்லை.

வரிகளுக்கிடையில் மெல்லிய குரலில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: என் உடம்பு மறுக்கவில்லையே. உடம்பு தொடுகைக்குத் தன்போக்கில் பதில் கொடுக்கும். பயத்தில் விறைத்துப்போய் அசையாமலும் கிடக்கும். இரண்டும் சம்மதம் ஆகா. இந்த ஒரு விஷயத்தை யாரிடமும் கேட்க முடியாமல் வருடக்கணக்கில் தங்களைத் தாங்களே அருவருத்துக்கொண்டு வாழ்கிற பெண்கள் உளவளத்துணை தேடி என் அறைக்கு வருகிறார்கள். அதனால்தான் இங்கே வெளிப்படையாக எழுதுகிறேன்.

அந்த நாவலில் வரும் பெண் ஏன் அவ்வளவு பிடிவாதமாக அது காதல் என்கிறாள் என்று யோசித்துப் பாருங்கள். காதல் இல்லை என்று ஆகிவிட்டால் அவளுடைய இளமையில் மிஞ்சுவது என்ன என்ற பயம். அந்தப் பயம் உங்களுக்கும் இருக்கிறது. அந்தக் கதையை விடும்போது ஒரு சாவு வீட்டின் துக்கம் வரும், அழுகை வரும், அவரைத் தேடவும் மனம் வரும். வந்தால் பைத்தியம் பிடிக்கிறது என்று பயப்பட வேண்டாம். புத்தகத்தை இப்போதைக்கு எடுக்காதீர்கள். முடிக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், நித்திரை திரும்பிய பிறகு, பகலில், தோழி பக்கத்தில் இருக்கும்போது வாசியுங்கள். நெஞ்சு இறுகும் பக்கத்தில் நிறுத்திவிடலாம்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தெரிந்திருக்க வேண்டும். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 16 வயதுக்குக் குறைந்த சிறுமியோடு உறவுகொள்வது பாலியல் வல்லுறவு. அவள் சம்மதித்தாளா இல்லையா என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் அந்தக் குற்றத்துக்குச் சட்டம் சொல்லும் சிறைத்தண்டனை 10 முதல் 20 ஆண்டுகள். காலம் கடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கொலை, அரசுக்கெதிரான துரோகம் தவிர்ந்த குற்றங்களுக்குப் பொதுவான கால எல்லை 20 ஆண்டுகள். 2012இல் தொடங்கியதற்கு இன்னும் வழி இருக்கிறது.

முறைப்பாடு செய்யுங்கள் என்று நான் உங்களைத் தள்ளப்போவதில்லை. வழக்குகள் பல வருடம் இழுபடும். குறுக்கு விசாரணை நோகும். ஊர் வாய் சும்மா இருக்காது. இதையெல்லாம் மறைத்துவிட்டு உங்களைப் பொலிஸுக்கு அனுப்பினால் அது உதவி ஆகாது. செய்வதென்று நீங்கள் முடிவெடுத்தால், பொலிஸ் நிலையத்தின் பெண்கள், சிறுவர் பிரிவுக்கு நம்பிக்கையான ஒருவரோடு போங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்பது உங்கள் உரிமை. விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். அதற்கு முன் சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி ஒருவரைச் சந்திப்பது நல்லது. வசதி குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாக ஆலோசனை கிடைக்கும். உங்களை அடையாளம் காட்டும் விவரங்களைப் பத்திரிகையில் போடுவது குற்றம். சாட்சிகளையும் பாதிக்கப்பட்டவர்களையும் பாதுகாக்க 2015இல் கொண்டுவரப்பட்டு 2023இல் புதிதாக இயற்றப்பட்ட சட்டமும் இருக்கிறது.

ஆனால் பெறாமகளின் விஷயத்தில் எனக்கு இந்தத் தயக்கம் இல்லை. சிறுவர்களுக்காகத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை நடத்தும் தொலைபேசி இலக்கம் 1929. இரவிலும் எடுக்கலாம், தமிழில் பேசலாம், பெயர் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல்லலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். இந்த வகுப்புக்கு உங்கள் பெறாமகள் போவதை நிறுத்தினாலும், மற்றப் பிள்ளைகள் நாளைக்கும் போவார்கள். அவர்களில் எவளுடைய கொப்பியில் இப்போது வட்டம் இருக்கிறதோ!

பிள்ளையோடு பேசுவதில் மிகுந்த நிதானம் வேண்டும். ‘அந்த ஆள் கெட்டவன்’ என்று தொடங்கினால், நீங்கள் பதினைந்து வயதில் என்ன செய்திருப்பீர்களோ அதைத்தான் அவளும் செய்வாள், அவருக்காக உங்களோடு சண்டை பிடிப்பாள். சமைக்கும்போதோ தலை பின்னிவிடும்போதோ, “எங்களுக்குத் தெரியாமல் வைத்துக்கொள் என்று யாராவது பெரியவர் உனக்கு எதையாவது தந்தால், சொன்னால், சின்னம்மாவிடம் வா. நான் ஏசமாட்டேன், அம்மாவிடம் உடனே ஓடிப்போய்ச் சொல்லவும்மாட்டேன், இருவரும் சேர்ந்து யோசிப்போம்” என்று சொல்லி விடுங்கள். அன்றைக்கே பதில் வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவள் கையில் புதிதாகப் போன் இருக்கிறதா, அழித்துக்கொண்டே இருக்கிறாளா, பழைய தோழிகளோடு பேச்சு நின்றிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது நடந்திருப்பதாக அவள் சொன்னால், அவள் சொன்ன சொற்களிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்பத் துருவ வேண்டாம், அது விசாரிக்கப் பயிற்சி பெற்றவர்களின் வேலை. போனில் உள்ள எதையும் அழிக்க விடாதீர்கள். அண்மையில் நடந்தது என்றால் குளிப்பதற்கும் உடுப்புத் தோய்ப்பதற்கும் முன் அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பார். அந்த மனிதரிடம் நீங்களோ அக்காவோ நேரில் போய் நியாயம் கேட்க வேண்டாம். அவர் அழுவார், மிரட்டுவார், தடயங்களை ஒழிப்பார். உறவினர் நாலுபேர் கூடி, காசு வாங்கி முடிப்போம், வெளியில் தெரியாமல் வைப்போம் என்றால் இணங்காதீர்கள். ‘வயது வந்ததும் கட்டி வைத்துவிடலாம்’ என்ற பேச்சு எந்த வாயிலிருந்து வந்தாலும் அதற்கு ஒரே பதில்: முடியாது.

இனி உங்களுக்கு. நித்திரை இல்லாமல் ஒரு மாதம் கடந்துவிட்டது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடுவேனோ என்று கூச்சமாக இருந்தால் உங்கள் ஊரிலிருந்து தள்ளியுள்ள வைத்தியசாலையைத் தெரிவு செய்யுங்கள், தூரம் இங்கே நன்மைதான். இரவில் தாங்க முடியாமல் போனால், செத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு எட்டிப்பார்த்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு எடுங்கள். உளவளத்துணையாளரிடம் நீங்கள் சொல்வது வெளியே போகாது. ஒரு விதிவிலக்கை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஒரு பிள்ளைக்கு இப்போது ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால் நாங்கள் அதை மறைத்து வைக்க முடியாது. பெறாமகளைப் பற்றிப் பேசும்போது அந்த எல்லை வரும். அது உங்களுக்கு எதிரானது என்று நினைத்துவிடாதீர்கள்.

முதற் சந்திப்பிலேயே கதையை ஆதியோடந்தமாகச் சொல்ல வேண்டும் என்று யாரும் கேட்கக்கூடாது. முதலில் நித்திரை, சாப்பாடு, உடம்பில் ஒரு பாதுகாப்பு உணர்வு. அதன்பிறகுதான் பழையது.

கலியாணம் பற்றிக் கேட்டீர்கள். பெண் பார்க்க வருகிறவருக்கு நீங்கள் வாக்குமூலம் கொடுக்கக் கடமைப்பட்டவர் இல்லை. உங்களுக்கு நடந்தது குற்றம், உங்களிடமுள்ள குறை இல்லை. குறை என்று மறைக்கவோ அறிவிக்கவோ அதில் ஒன்றுமில்லை. பிற்காலத்தில், நம்பிக்கை பிறந்த ஒருவரிடம், உங்கள் மனம் இலேசாக வேண்டும் என்பதற்காகச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். இப்போதைக்கு அம்மாவிடம் ஆறு மாதம் அவகாசம் கேளுங்கள். வேலை நிரந்தரமாகட்டும், ஒரு படிப்பை முடிக்கிறேன், எந்தக் காரணமும் போதும். உங்கள் மனம் துக்கத்தில் இருக்கும்போது எடுக்கும் முடிவு யாருக்கும் நன்றாக இராது.

அக்காவோடு பேசிய பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். கடிதத்தில் அந்த மனிதரின் பெயரும் வகுப்பு நடக்கும் இடமும் இல்லை. 1929க்கு எடுக்க உங்களுக்குக் கை வரவில்லை என்றால் அந்த இரண்டையும் எழுதி அனுப்புங்கள். உங்கள் பெயரைச் சொல்லாமல் நான் எடுக்கிறேன்.